பிஸ்கட் டின்னில் இரையும் போன்

கோணக்கல் தோட்டம், மேற்பிரிவு,
நிவித்திகல.
2025 மே 11

என் வீட்டுக்காரர் சதீஸ் அவர்களுக்கு விஜயகலா எழுதிக்கொள்வது,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கொழும்பில் ஃபேனுக்கு அடியில் தூங்குகிறவருக்கு என்ன குறை?

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று செலினா அக்காவிடம் விசாரித்தீர்களாம். பக்கத்துக் காம்பராக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைக்கு வந்துவிட்டோம். நானே சொல்கிறேன். அந்தப் போன் மேசையில் கிடந்து இரைந்தால் என் கழுத்தெல்லாம் வேர்த்துவிடுகிறது. பாட்டு வைத்துப் பார்த்தேன், பாட்டுக்கு அடியிலும் அதே இரைச்சல். அந்த அதிர்வை மட்டும் நிறுத்த இந்தப் பழைய போனில் வழி தெரியவில்லை. செலினா அக்காவின் போனில் பேசு என்பீர்கள். சுவரோடு சுவராகக் காம்பரா ஒட்டிய லயத்தில் நாலு பேர் கேட்கப் பேசும் பேச்சா நம்முடையது?

மாசி மாதம் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டியபோது வீங்கின முகம் எப்போதோ வற்றிவிட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் என் உடம்பு இன்னும் அந்தத் தேயிலை நிரையிலேயே நிற்கிறது. தையல் மெசின், தேநீர்க்கடை பிளெண்டர், தூரத்தில் போகிற திரீவீல், எல்லாம் குளவிதான். சித்திரை வருஷத்துக்கு உங்கள் அறைக்கு வந்தபோது அந்த மேசை ஃபேன் சத்தத்தில் நான் விழித்தே கிடந்தேன். நீங்கள் உங்கள் கூட்டாளிகள் முன்னால் "பைத்தியம் மாதிரி பண்ணாத" என்றீர்கள். அதற்குத்தான் விடிந்ததும் பஸ் ஏறினேன். அதை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

எழுதிய காரணம் வேறு. ஜூன் முடிவதற்குள் வேலைக்கு வராதவர்களின் பெயரை வெட்டிவிடுவதாக ஆபிசில் சொல்லிவிட்டார்கள். என் பெயர் போனால் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுக்கும் புது வீடும் போகும். அத்திவாரம் வெட்டிவிட்டார்கள் தெரியுமா? நம்முடையது மேட்டு ஓரத்தில், பலா மரத்துக்குப் பக்கத்தில். நம் வம்சத்தில் லயத்துக் காம்பராவுக்கு வெளியே ஒருத்தர் படுத்ததில்லை. அந்த மண்ணை நான் விட மாட்டேன்.

நீங்கள் வேலை செய்யும் ஜிம்மில் பணக்காரர்கள் ஐஸ் தொட்டியில் இறங்கி உடம்பைப் பழக்குகிறார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னீர்களே, அதை விவரமாக எழுதுங்கள். கேலிக்குக் கேட்கவில்லை.

விஜயகலா

*

தெமட்டகொட.
2025 மே 18

கலாவுக்கு,

"பைத்தியம் மாதிரி" என்று நான் சொல்லவில்லை. "இப்புடியே தூங்காம கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நீ காதில் வாங்கியது பாதி. சரி, கூட்டாளிகள் முன்னால் சொல்லியிருக்கக்கூடாது. அது என் பிழைதான்.

வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்கு அந்த மலை வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்க முடியாமல் நீ கிடந்ததைப் பார்த்தவன் நான். நீ பார்க்கவில்லை. பெயரை வெட்டினால் வெட்டட்டும், கொழும்புக்கு வந்துவிடு, ஃபேன் இல்லாத அறை தேடுகிறேன். ஜூன் முடிவதற்குள் உன்னால் மலை ஏற முடியாவிட்டால் வர வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படி.

சம்மதிக்காமலே படிப்பாய் என்று தெரியும்.

ஐஸ் கொட்டுவதும் துவாய் மடிப்பதும் என் வேலை. மாஸ்டர் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆள் தண்ணீருக்குள் இறங்கியதும் மூச்சு மூச்சென்று இரைக்கும். அவர் "ஹெமின், ஹெமின்" என்பார், மெதுவாக என்று. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டுமாம். நெஞ்சு அடங்கும்வரை வெளியே வரக்கூடாது. அடங்கிய பிறகு வந்து நன்றாக ஓய்வெடுக்க வேண்டும். மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். ஒரேயடியாகப் போட்டு உடம்பை வதைத்தால் அது பழக்கமில்லை, தண்டனை என்பார்.

எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். நான் முன்பு செக்கியூரிட்டியாக இருந்த கடையில் ஒரு கிழவர் இருந்தார். ஒருமுறை திருடனிடம் அடி வாங்கியவர். அதற்குப் பிறகு பூனை ஓடினாலும் விசில் ஊதுவார். உன் உடம்புக்குள் இருக்கிற காவல்காரனும் அப்படித்தான் ஆகிவிட்டான். அவனை வேலையை விட்டு நிறுத்த முடியாது. பூனையைத் தினம் காட்டிக் காட்டி, இது பூனைதான் என்று பழக்க வேண்டும். விசில் ஊதுகிறான் என்று நீ பாதியில் ஓடினால், ஓடினதால்தான் பிழைத்தோம் என்று அவன் நினைத்துக்கொள்வான். அதனால் ஓடாதே. நில்.

நீ தோற்றால் எனக்குத்தான் லாபம். ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சதீஸ்

*

கோணக்கல்.
2025 மே 27

சதீஸ் மாமாவுக்கு,

உங்கள் மாஸ்டரை ஒருநாள் விடியக்காலையில் எங்கள் பீலிக்கு அனுப்பி வையுங்கள். மலையிலிருந்து விழும் அந்தத் தண்ணீரில் தலையைக் கொடுத்துத்தானே இங்கே பிள்ளை குட்டியெல்லாம் வளர்கிறது. காசு கொடுத்துக் குளிர்கிறார்களாம். நானும் நின்று பார்த்தேன். குளிர்ந்தது, அவ்வளவுதான். அந்தக் குளிர் என் காவல்காரனுக்குப் பழைய சினேகிதம், விசில் ஊதவே இல்லை.

அதனால் என் பூனையை நானே தேடிக்கொண்டேன். போனை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி, காம்பராவின் அந்த மூலையில் வைத்தேன். செலினா அக்கா தன் போனிலிருந்து அழைத்தது. தகரத்துக்குள் அது இரைந்த இரைச்சல் இருக்கிறதே, ஒரு கூடே கிளம்பி வந்த மாதிரி. நான் எழுந்து ஓடி, லயத்து வாசலில் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் போய் வாந்தி எடுத்தேன். அக்கா பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டு, "போன் கடிக்காதுடி, வா" என்றது. வெட்கமாக இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தேன். இரண்டாம் தரம் வாசல்வரை ஓடினேன். மறுநாள் எழுந்து நின்றதோடு சரி.

இப்போது அக்காவின் போனில் காசு முடிந்துவிட்டது. அதனால் நீங்கள் அழையுங்கள். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாரும் லயத்துக்கு வந்தபிறகு, ஆறு மணிக்கு. நான் எடுக்க மாட்டேன். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். தினமும் அழையுங்கள்.

உங்கள் நிபந்தனைக்குச் சம்மதம். ஆனால் நான் தோற்க மாட்டேன்.

கலா

*

தெமட்டகொட.
2025 ஜூன் 4

கலாவுக்கு,

என்னைப் போல ஒரு புருஷன் இந்த நாட்டில் இருக்க மாட்டான். தினம் ஆறு மணிக்கு வேலையைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய் பெண்டாட்டிக்குப் போன் பண்ணுகிறேன். அவள் எடுக்கவில்லை என்றால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். கூட்டாளி மதுசன், "என்னடா, இன்னிக்கும் எடுக்கலயா? நல்ல விசயந்தான்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் அழைப்பு உனக்குக் குளவிச் சத்தம். இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

முந்தாநாள் இடையில் துண்டித்துவிட்டேன். நீ அந்த மூலையில் தனியாக உட்கார்ந்து நடுங்குவதை நினைத்தேன், கை தானாகப் போய்விட்டது. அதற்கு, நான் செலினா அக்காவுக்குப் போன் எடுத்தபோது அதை விட்டு என்னை ஏச வைத்திருக்கிறாய். "பாவம் பாத்து நடுவுல வெட்டுனா அவ எப்புடிப் பழகுவா? நீ முழுசா அடி தம்பி!" என்று காது கிழியச் சத்தம் போட்டது. சரி, இனி வெட்ட மாட்டேன்.

மலைக்கு ஒரேயடியாகப் போகாதே. முதலில் போக்குப் பாலம்வரை, அடுத்த நாள் ரோட்டுவரை, பிறகு நிரை. எங்கே நடுக்கம் வருகிறதோ அங்கேயே நில். அடங்கிய பிறகு இறங்கு. வீட்டுக்கு வந்து சும்மா படு. படுப்பதும் பயிற்சியில் சேர்த்திதான் என்பார் மாஸ்டர், நீதான் கேட்க மாட்டாய்.

இங்கே ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் பெரிது, காற்று வருகிறது. இப்போதைக்குச் சொல்லி மட்டும் வைக்கிறேன்.

சதீஸ்

*

கோணக்கல்.
2025 ஜூன் 15

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த அறைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நான் போய்விட்டேன்!

காத்தமுத்து கங்காணி என்னைக் காலையில் கண்டதும் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "விஜயகலா, வந்துட்டியா? மலைக்கா, பிள்ளைக்காம்பராவுக்கா?" என்றார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பராவில் இருக்கிறாயா என்ற கேலி. "மலைக்குத்தாங்க" என்றேன். நாலு மாதத்துக்குப் பிறகு கூடையைத் தலையில் மாட்டியபோது அழுகை வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் நாள் நிரையில் பல தரம் உடம்பு விசில் ஊதியது. வண்டு போனால் ஊதியது, பங்களாவில் புல் வெட்டும் மெசின் போட்டால் ஊதியது. நான் நீளமாக மூச்சை விட்டுக்கொண்டு கொழுந்தைப் பார்த்தேன். இரண்டு இலை ஒரு குருத்து, இரண்டு இலை ஒரு குருத்து. அடங்கியது. பக்கத்து நிரையில் செலினா அக்கா. "கலா, என்னா, டின்னு அடிக்குதா?" என்று கேட்கும். நான் "பொய்யிங்க அக்கா, பொய்யி" என்பேன். இப்போது மலை முழுக்க இந்தப் பேச்சுத்தான். யாருக்காவது பயம் வந்தால் டின் அடிக்கிறது என்கிறார்கள். அட்டை கடித்தாலும் டின்தான்.

நாள் வேலையைப் பதியும் செக்ரோலில் என் பெயர் விழுந்துவிட்டது. ஆனாலும் ஜூன் முடியும்வரை விடாமல் வந்தால்தான் வெட்ட மாட்டார்களாம். வருவேன். என் உடம்பு இப்போது நான் சொன்னதைக் கேட்கிறது மாமா. உட்கார் என்றால் உட்காருகிறது. இவ்வளவு பெருமையாக நான் இருந்ததே இல்லை.

ஆறு மணி அழைப்பை விடாதீர்கள்.

கலா

*

2025 ஜூன் 20

செலினா அக்காவைக் குளவி கொட்டிவிட்டது. முகத்தில், கழுத்தில், காதுக்குள்ளே. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மூச்சு இழுத்தது, இப்போது பரவாயில்லை என்கிறார்கள்.

கிராமத்திலிருந்து வந்த சிங்கள ஆட்கள் எங்களுக்கு மேலே கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் கேட்டது. அக்கா நிமிர்ந்து, "கலா, என்னமோ கேக்குதே?" என்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நில்லுங்க அக்கா, டின்னுதான்" என்றேன். நின்று மூச்சு விட்டேன். உங்கள் மாஸ்டர் சொன்ன மாதிரி, நீளமாக. மேலே அவர்கள் "தெபரு! தெபரு! துவன்ன!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தபிறகுதான் குளவி என்றும் ஓடச் சொல்கிறார்கள் என்றும் உறைத்தது. அதற்குள் அக்காவின் தலையைச் சுற்றி மொய்த்துவிட்டது.

ஓடாதே, நில் என்று எழுதினீர்களே. நின்றேன்.

போன் பண்ண வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

*

தெமட்டகொட.
2025 ஜூன் 23

கலா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று இரத்தினபுரிக்கு வந்திருந்தேன். நான் வார்ட்டுக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நீ நிவித்திகல பஸ்ஸுக்குப் போனாயாம். உன் சாப்பாட்டுப் பெட்டி கட்டிலுக்கடியில் இன்னும் ஈரமாக இருந்தது, எடுத்து வந்துவிட்டேன். என்னைக் கண்டுவிட்டுத்தான் போனாயா? வேண்டாம், பதில் சொல்லாதே.

அக்காவுக்கு ஒரு கண் திறந்துவிட்டது. அந்த ஒரு கண்ணாலேயே என்னை முறைத்தது. "நான் கேட்டேன், அவ பொய்யின்னா. சரி. அப்புறம் தன் படங்க அவுத்து என் தலையில போட்டு மூடி ரோட்டு மட்டும் இழுத்துக்கிட்டு ஓடுனது யாருன்னு கேளு. அவளயும் கொட்டியிருக்கு தம்பி. கையில. சொன்னாளா ஒனக்கு?" என்றது. நீ சொல்லவில்லை. இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு அந்தக் கூட்டத்துக்குள் நின்றிருக்கிறாய். குளவி கொட்டியும் உன் கால் மரத்துப்போகவில்லை. அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

திரும்பி வந்ததும் நேரே ஜிம்முக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம். ஐஸை நானே கொட்டி நானே இறங்கினேன். இத்தனை மாதம் கொட்டியிருக்கிறேன், ஒருநாள்கூட இறங்கினதில்லை. நெஞ்சை ஒரு கை பிடித்து முறுக்கிய மாதிரி இருந்தது. பயிற்சி, மூச்சு, ஹெமின் ஹெமின், எல்லாம் பறந்துவிட்டது. கத்திக்கொண்டு வெளியே குதித்தேன். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஏன் இறங்கினாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நடுக்கம் அடங்கும்வரை இருங்கள் என்பேன். கால் மரத்து உணர்ச்சி போனால் உடனே ஏறுங்கள் என்றும் தினம் சொல்கிறேனே, அது உன் காதில் விழவில்லையா?" என்றார். விழுந்திருக்கும். நான்தான் உனக்கு எழுதவில்லை. நிற்பதை மட்டும் எழுதினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டின்னுக்கு வருகிற பயமும் அன்றைக்கு வந்த பயமும் ஒன்றாகவே இருந்ததா? உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது.

வீடு போனால் போகட்டும், கலா. நீ எங்கே இருக்கிறாயோ அங்கே நான் வருகிறேன்.

சதீஸ்

*

கோணக்கல்.
2025 ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

பஸ்ஸில் ஏறும்போது உங்களைக் கண்டேன். இறங்கி வந்தால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் போய்விட்டேன். சாப்பாட்டுப் பெட்டியை அடுத்த தரம் கொண்டு வாருங்கள்.

உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் அரித்தது. அடுப்பூதும்போதும் அதே நினைப்பு, பீலியிலும் அதே நினைப்பு. கடைசியில் போனை மறுபடி டின்னுக்குள் போட்டு, அக்கா மகள் ஜொய்சியிடம் சொல்லி அழைக்க வைத்தேன். இந்தத் தரம் மூச்சு ஒன்றும் விடவில்லை. சும்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். டின் என்றால் முதலில் வயிறு பிசைகிறது. போன் இன்னும் இரையத் தொடங்கியிருக்காது, ஆறு மணி ஆகப்போகிறது என்றாலே வயிறு தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் காது தேடிக்கொண்டு போகிறது. அன்றைக்கு மலையில் அப்படி இல்லை. வயிறு சும்மா இருந்தது. நான் கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே காது தானாகத் திரும்பியது. வயிறு பிறகுதான் வந்தது. இரண்டும் ஒன்றில்லை. எனக்குத் தெரிந்தே இருந்தது. மூச்சு விட்டு அடக்குகிற பெருமையில் அதன் வாயையும் பொத்திவிட்டேன்.

அக்கா சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது. கையில் கொட்டியதற்கு எனக்கு ஆபிசில் கொடுத்த லீவும் அன்றோடு முடிந்தது. நான் வாசலில் போய் நின்றேன். கும்பிடுவதா காலில் விழுவதா என்று தெரியவில்லை. அது, "என்னா சிலயாட்டம் நிக்கிற? நாளைக்கு ஞாயிறு. திங்கக்கெழம மாசக் கடைசி. நீ போகலன்னா ரெண்டு பேருக்கும் வீடு இல்ல. எங்க அத்திவாரமும் ஒங்க அத்திவாரமும் ஒரே சொவருடி" என்றது.

போனேன். சிங்கள ஆட்கள் கான் வெட்டிய பக்கத்தை விட்டுவிட்டு எங்களைச் சவுக்கு மரத்துக்குக் கீழே போட்டார்கள். காலை முழுக்க வயிறு பிசைந்தது, நான் மூச்சு விட்டேன், அது அடங்கியது. பத்து மணி தேத்தண்ணிக்குப் பிறகு காது திரும்பியது.

வயிறு சும்மாதான் இருந்தது.

"எறங்குங்க! எல்லாரும் ரோட்டுக்கு எறங்குங்க!" என்று கத்தினேன். நிரை முழுக்கச் சிரிப்பு. "விஜயகலாவுக்கு டின்னு அடிச்சிருச்சு" என்றாள் ஒருத்தி. கங்காணி, "கொழுந்து நெறுவைக்கு முன்னாடி ஒன் கூத்த ஆரம்பிச்சிட்டியா?" என்று வந்தார். கூடையைக் கழற்றிப் போட்டேன். பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். பத்து நாளைக்கு முன்னால் அக்காவைப் பார்த்த ஞாபகம் மற்றவர்களுக்கும் இருந்திருக்கும், ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். கடைசியில் கங்காணியும் இறங்கினார், என்னைத் திட்டிக்கொண்டே.

நாங்கள் ரோட்டுக்கு வந்து நிற்கிறோம். பருந்து ஒன்று சவுக்கு மரத்தில் பாய்ந்தது. முன்பே ஒருதரம் வந்து கூட்டைக் கலைத்திருக்க வேண்டும், அதைத்தான் என் காது பிடித்தது. கூடு பிளந்து கறுப்பாகக் கொட்டியது. நாங்கள் நின்ற நிரையெல்லாம், நான் போட்டுவிட்டு வந்த கூடையெல்லாம் குளவி. கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் முழங்கால் ஆடத் தொடங்கியது. உட்கார்ந்தேன். இப்போது மூச்சை விட்டேன், நீளமாக, நீங்கள் எழுதினபடி. மாசியில் வந்தபோது இந்த நடுக்கம் நாலு மாதம் இருந்தது மாமா. இந்தத் தரம் ஒருத்தி பிளாஸ்கில் மீதி இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கையில் கொடுப்பதற்குள் நின்றுவிட்டது. கோப்பை ஆடவில்லை.

என் பெயரை வெட்டவில்லை. நேற்றுப் பெரட்டில் கூப்பிட்டார்கள், நான் இருக்கிறேன் என்றேன். வீட்டுக்குக் கல் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கூரை போடும்போது நீங்கள் இங்கே நிற்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. லீவு போட்டாவது வாருங்கள்.

இனிக் கடிதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் போன் பண்ணுங்கள். டின்னில் ஜொய்சி பிஸ்கட் போட்டுவிட்டாள், போன் மேசையில் இருக்கும். உடனே எடுப்பேன் என்று நினைக்காதீர்கள். வயிறு பிசையும். அது குளவிக்கா உங்களுக்கா என்று நான் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாவம் பார்த்து இடையில் வெட்டிவிடாதீர்கள். அடித்துக்கொண்டே இருங்கள், எடுப்பேன்.

உங்கள்
கலா